தட்டிப் பார்த்தோம், திருப்பிப் பார்க்கவில்லை

விழுப்புரத்திலேயே விலை அதிகமான சர்பத்தைக் குடித்தவன் நான்தான். ஒரு டம்ளர் முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். எண்பதுகளின் நடுவில், உரக்கடையில் கணக்கெழுதி நான் வாங்கிய மாதச் சம்பளமே நானூற்றைம்பதுதான். அதில் பெரும்பகுதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் வேண்டும் என்று வேறு நினைத்தேன்.

நடந்தது இதுதான். மனைவி தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் குழந்தையோடு விழுப்புரத்துக்கு அனுப்பி வைப்பதாக நாள் குறித்திருந்தார்கள். அந்த நாளுக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முன்பு, மே மாதத்து மத்தியானம் ஒன்றில், நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம், வானம் கன்னங்கரேலென்று கறுத்து ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது.

புத்தி உள்ளவன் என்ன செய்வான்? தலைக்கு மேலே என்ன ஆகிறது என்று பார்ப்பான். நான் அலுமினியக் குண்டானை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எலுமிச்சங்காய் அளவுக்கு ஐஸ் கட்டிகள் வானத்திலிருந்து இனாமாக விழுகின்றன. வீட்டில் நன்னாரி சர்பத் பாட்டில் திறந்து பாதி இருக்கிறது. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு கட்டி நடு மண்டையில் விழுந்து வீங்கியது. அதையும் பொறுக்கிக் குண்டானில் போட்டேன். உள்ளே வந்து சர்பத் கலந்து, நாற்காலியில் சாய்ந்து, மேலே டமார் டமார் என்று கேட்ட சத்தத்தை ரசித்துக்கொண்டே குடித்தேன். ‘என்னா அடி அடிக்குது!’ என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. அடித்தது ஆலங்கட்டி. உடைந்தது என் ஓடு. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. சர்பத்தில் செம்மண் துகள் விழுந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் பொத்தல் பொத்தலாக வெளிச்சம். உள்ளேயே மழை.

எங்கள் வீடு சீமை ஓடு போட்ட வீடு. பெரிய கூரை ஒன்று, பின்னால் சமையல்கட்டுக்குச் சாய்வாக இறக்கிய சின்னக் கூரை ஒன்று. மழை விட்டதும் ஏணி வைத்து ஏறி எண்ணினேன். எண்பத்து நான்கு ஓடு போயிருந்தது. பெரிய கூரையில் அறுபத்தாறு, சமையல்கட்டில் பதினெட்டு. தெருவில் மற்றவர்களும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வாயில் சர்பத் வாசனையோடு எண்ணியவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் திண்டிவனம் போனேன். விஷயத்தை மனைவியிடம் மட்டும் காதோடு சொல்லலாம் என்பது திட்டம். ஆனால் திண்டிவனத்துக்காரர்களுக்கு விழுப்புரத்து மழை பஸ்ஸிலேயே வந்து சேர்ந்துவிட்டிருந்தது.

என் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசமாட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார். அந்தச் சுவர் வழியாக எனக்கு வந்து சேர்ந்த வசவுகளைச் செங்கல்லாக அடுக்கினால் இன்னொரு வீடே கட்டலாம்.

அன்றைக்குச் சுவரிடம் சொன்னார்: “வானம் தெரியிற வூட்ல கைக்குழந்தைய எப்பிடிப் படுக்கப் போடுறதாம்? ஓடு மாத்தட்டும். நானும் கூட வந்து ஒரு மழை பாத்துட்டுத்தான் வுட்டுட்டு வருவேன். ஒரு சொட்டு உள்ள வுழுந்துச்சி, புள்ளையையும் பெத்தவளையும் அடுத்த பஸ்ஸுலயே தூக்கிக்கினு வந்துடுவேன். மழக்காலம் முடிஞ்சி தை மாசம் பாத்துக்கலாம்.”

தை மாசம் என்றால் இன்னும் எட்டு மாதம். குழந்தை நடக்கத் தொடங்கிவிடும். பல் முளைத்துவிடும். அது என்னைப் பார்த்து “யாரு இந்த ஆளு?” என்று கேட்டாலும் கேட்கும். ஐந்து மாதமாக ஞாயிற்றுக்கிழமை அப்பனாக இருந்தவன் நான். மனைவி கதவோரம் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் தெரியும். “ஏதாவது பண்ணு, ஆனா நீயா யோசிச்சி எதையும் பண்ணாத” என்று அதற்கு அர்த்தம்.

கையில் முந்நூற்றிருபது ரூபாய் இருந்தது. குழந்தைக்கு வெள்ளிக் கொலுசும் அரணாக்கொடியும் வாங்க மாதாமாதம் ஒதுக்கியது. விழுப்புரத்தில் புது ஓடு ஒன்று இரண்டு ரூபாய். எண்பத்து நான்கு ஓட்டுக்கு நூற்றறுபத்தெட்டு. ஆள் கூலி நாற்பது. அரணாக்கொடி போனாலும் கொலுசு தேறிவிடும். இந்தக் கணக்கை நான் அங்கேயே முடித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்க வேண்டும். மாமனார் விடவில்லை.

மாமனார் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், தரம் பார்ப்பவர். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, காதோரம் வைத்துக் குலுக்கி, சத்தத்தைக் கேட்டே எண்ணெய் எவ்வளவு தேறும் என்று சொல்வார். முப்பது வருஷத்தில் அவர் காது தப்பியதில்லை என்று மண்டியில் பேச்சு. அந்தப் பேச்சை ஆரம்பித்தவரும் அவரே என்பது என் சந்தேகம்.

“மாப்ள, புது ஓடு எதுக்குங்க தெண்டமா? பின்னாடித் தெருவுல ஒரு வூட்டப் பிரிச்சி மொட்ட மாடி போடுறானுங்க. பழைய ஓடுன்னா இரும்பு மாதிரி இருக்கும். எம்பது காசுக்கு முடிச்சித் தர்றேன், வாங்க.”

போனோம். நூற்றிருபது ஓடு அடுக்கி வைத்திருந்தார்கள். எடுத்தால் மொத்தமாக எடுக்க வேண்டும், பொறுக்க விடமாட்டோம் என்றார்கள். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு ஓடாக எடுத்து, காதருகே வைத்து, விரல் முட்டியால் தட்டினார். ணங். அடுத்தது. ணங்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன் மாமா.”

“கோயில் மணி மாதிரி இல்ல?”

“அப்படியே இருக்குது மாமா.”

நூற்றிருபது ஓட்டையும் தட்டினார். பாதிக்கு மேல் நானும் சேர்ந்து தட்டினேன். ஒன்றுகூட விரிசல் இல்லை. தொண்ணூற்றாறு ரூபாய். மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போகிற லாரியில் இருபத்தைந்து ரூபாய் பேசி, வைக்கோல் வைத்து அடுக்கினோம். நானும் மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது, லாரி டிரைவரிடம்கூட ஒரு ஓட்டைத் தட்டிக் காட்டினேன். அவர் டீயை ஊதிக்கொண்டே, “நல்லாத்தான் பாடுது” என்றார்.

ஓடு மாற்றுகிறவர் கெடாரிலிருந்து சைக்கிளில் வந்தார். ஒல்லியான ஆள். காதில் பீடி. சித்தாளுக்குக் கூலி தனி என்றார். எனக்கு அங்கே ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. “சித்தாள் எதுக்கு? நானே இருக்கேன்” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். உரக்கடையில் பேனா பிடிக்கிற கையைப் பார்த்தார். சரி, உன் தலையெழுத்து என்பதுபோல் தலையசைத்துவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு ஓட்டை எடுத்தார். நான் உடனே, “தட்டிப் பாருங்க” என்றேன்.

அவர் தட்டவில்லை. திருப்பினார்.

ஓட்டின் அடிப்புறத்தில் ஒரு கிளி இருந்தது. அவர் ஏணியில் ஏறி, கூரையிலிருந்து என் ஓடு ஒன்றை உருவி எடுத்துவந்து பக்கத்தில் வைத்துத் திருப்பினார். அதன் அடியில் ஒரு மீன்.

“சாரு, இது வேற அச்சு.”

“அதனால இன்னா? படம்தான வேற? அடியில இருக்கப் போவுது, எவன் பாக்கப் போறான்?”

அவர் இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்தார். ஒரு ஓட்டின் விளிம்பு பக்கத்து ஓட்டின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். மீனின் விளிம்பு கிளியின் பள்ளத்தில் இறங்கவில்லை. அரை விரல் அகலத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. நீளத்திலும் கிளி இரண்டு விரல் குட்டை.

“ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அச்சு சார். மீனுக்கு மீனுதான் சேரும். இத இடையில சொருவுனா தண்ணி நேரா உங்க தட்டுல வந்து வுழும். எவன் சார் உங்களுக்கு இத எடுத்துக் குடுத்தான்? கண்ணு தெரியாதவனா?”

நான் வாயைத் திறப்பதற்குள், எனக்குப் பின்னால் ஒருவர் இருமினார். திரும்பினால், மாமனார். தான் வாங்கிக் கொடுத்த ஓடு கூரை ஏறுவதைக் கண்ணால் பார்க்க முதல் பஸ்ஸில் கிளம்பி வந்திருக்கிறார். கையில் பையில் எனக்கு நாலு இட்லி.

ஓட்டுக்காரர் அவரைத் தெருவில் போகிற யாரோ என்று நினைத்துக்கொண்டு நியாயம் கேட்டார். “நீங்களே சொல்லுங்க பெரியவரே. ஓடு வாங்குறவன் மொதல்ல திருப்பிப் பாக்க வேணாமா? எந்த மடையனாச்சும் தட்டிப் பாத்து வாங்குவானா?”

மாமனார் இரண்டு ஓட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கிளியைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“ஆமாம்பா,” என்றார் மெதுவாக. “எவனோ வெவரம் தெரியாத பய.”

அப்புறம் என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், “மாப்ள, இது உங்க அத்தைக்கித் தெரிய வேணாம்” என்றார். மண்டியில் முப்பது வருஷம் நிமிர்ந்து நின்ற மனுஷர் இட்லிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற கோலத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதுவரை எனக்கு அவரைக் கண்டால் பயம். அன்றைக்குத்தான் பிரியம் வந்தது. இரண்டு முட்டாள்களுக்கு நடுவில் வருகிற பிரியம் கெட்டியானது.

ஓட்டுக்காரரே ஒரு வழி சொன்னார். ஒரே கூரையில் இரண்டு அச்சைக் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். சமையல்கட்டுக் கூரையை முழுசாகப் பிரித்து, அதிலிருக்கும் மீன் ஓடுகளைப் பெரிய கூரைக்கு ஏற்றிவிடலாம். சமையல்கட்டுக்கு முழுக்கக் கிளி போட்டுவிடலாம்.

“அப்புறம் இன்னா? பிரச்சின முடிஞ்சிச்சி!” என்றேன்.

“எங்க முடிஞ்சிச்சி? கிளி குட்டை. ஓடு உக்கார்ற ரீப்பர் கட்டைய எல்லாம் கழட்டி, இடைவெளி கொறச்சி, திரும்ப அடிக்கணும். பழைய கட்ட ஆணி புடுங்கும்போதே பொளந்துக்கும். புதுசு வாங்குங்க.”

ஒரு நாள் வேலை மூன்று நாளாயிற்று. கூலி தொண்ணூறு. ரீப்பர் அறுபது. லாரியிலிருந்து இறக்கினவருக்கு ஐந்து, ஆணி ஆறு, முகட்டுக்குச் சிமெண்டும் மணலும் பதினைந்து. டீ, வடை, பீடி என்று இன்னொரு பதினைந்து. ஓட்டுக்கும் லாரிக்கும் முன்பே கொடுத்ததைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், என் சர்பத்தின் விலை வந்துவிடும். மிச்சம் எட்டு ரூபாய். கொலுசு ஒவ்வொரு பரலாக ஏணியில் ஏறிக் கூரைக்குப் போனதை நான் கீழே நின்று பார்த்தேன்.

கீழேயே நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சித்தாள் உத்தியோகம் இருந்ததே! பெரிய கூரைக்கு வேண்டியது போகப் பதினாறு மீன் ஓடு மிச்சம் வரும் என்று ஓட்டுக்காரர் கணக்குச் சொல்லியிருந்தார். முதல் நாள் அவர் மேலிருந்து நீட்டியதை வாங்குகிறேன் என்று ஒன்பதைக் கீழே போட்டேன். இரண்டாம் நாள் பெரிய கூரைக்கு ஓடு தூக்கிக்கொண்டு போனேன். ஓடு பொருந்துகிற இடம் பார்த்து, அடியில் கட்டை இருக்கிற இடம் பார்த்து மிதிக்க வேண்டும் என்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பத்து போயிற்று.

“சாரு, ஆலங்கட்டியே பரவால்ல. அது வந்துச்சி, அடிச்சிச்சி, போயிடுச்சி. நீங்க ரெண்டு நாளா பெய்ஞ்சிக்கினே கீறீங்களே!”

உடைத்தது பத்தொன்பது. மிச்சம் வந்திருக்க வேண்டியது பதினாறு. பெரிய கூரையில் மூன்று ஓட்டுக்கு இடம் காலி. மூன்றாம் நாள் சாயங்காலம் ஓட்டுக்காரர் சைக்கிளை எடுத்தார். “முகையூர்ல ஒரு வூட்ல மீன் ஓடு கீது. வாங்கியாந்து போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் தார்ப்பாய் போட்டு வையுங்க. நீங்க மேல ஏறாதீங்க. சத்தியமா ஏறாதீங்க.”

ஒரு வாரம் ஆகியும் அவர் வரவில்லை. விடிந்தால் மனைவி, குழந்தை, மாமனார், மாமியார் எல்லாரும் வருகிறார்கள். தார்ப்பாயைப் பார்த்தால் மாமியார் வாசலோடு திரும்பிவிடுவார். ஏறினேன். மிச்சமிருந்த கிளி ஓட்டில் மூன்றை எடுத்து, முட்டி, மோதி, கொஞ்சம் விளிம்பைக் கொத்தி, எப்படியோ சொருகினேன். கீழே இறங்கிப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. நமக்கும் தொழில் வருகிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வந்தார்கள். ஆரத்தி எடுத்தாயிற்று. கூரையின் நடுவிட்டத்தில் சேலைத் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டார்கள். மனைவி என் பக்கத்தில் வந்து, “கொலுசு எங்க?” என்றாள். நான் மேலே கையைக் காட்டினேன். அவள் கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். எட்டு ரூபாயில் வாங்கி வைத்திருந்த கிலுகிலுப்பையை நீட்டினேன். “இதாவது சத்தம் வருதே” என்று வாங்கிக்கொண்டாள்.

மாமியார் மட்டும் பையைப் பிரிக்கவில்லை. குழந்தையின் துணிமணி, வசம்பு, பால் டப்பா எல்லாம் கட்டினபடி கதவோரம் இருந்தன. மழைக்காகக் காத்திருந்தார். நான் மழை வரக் கூடாதென்று காத்திருந்தேன். நாலு நாள் வானம் என் பக்கம் இருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் கட்சி மாறியது.

நல்ல மழை. மாமியார் எழுந்து முதலில் சமையல்கட்டுக்குப் போனார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுற்றினார். ஒரு சொட்டு இல்லை. கிளிகள் மானத்தைக் காப்பாற்றின. அவர் அங்கே இருக்கும்போதுதான் கூடத்தில் நான் அதைக் கேட்டேன். சொத். ஜன்னலோரம், சிமெண்டுத் தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். தொழிலாளி நான் சொருகிய மூன்று ஓட்டுக்கு நேர் கீழே. சொத்.

ஜன்னலோரம் இரும்பு மடக்கு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் மாமனார். அவரும் ஈரத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். சமையல்கட்டில் மாமியாரின் காலடி திரும்பியது. மாமனார் அவசரமே படாமல் எழுந்து, நாற்காலியை ஒரு முழம் நகர்த்தி, ஈரத்தின் மேல் போட்டு உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை உதறித் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார். பேப்பரை விரித்தார். அடுத்த சொட்டு நேராகத் தலைப்பாகையில் இறங்கியது. சத்தமே இல்லை.

மாமியார் வந்தார். கூடத்தைச் சுற்றினார். தூளிக்கு மேலே பார்த்தார். புருஷனுக்கு எதிரில் வந்து நின்றார்.

“வூட்டுக்குள்ள உக்காந்துக்கினு இன்னா தலப்பா?”

“சளி புடிச்சிக்கிச்சி.”

“காலைல நல்லாத்தான இருந்தீங்க?”

“இப்பத்தான் புடிச்சிச்சி. ஈரக்காத்து.”

நான் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஆட்ட வேண்டிய அவசியமே இல்லை, கை தானாக ஆடியது. முக்கால் மணி நேரம் பெய்தது மழை. முக்கால் மணி நேரமும் மாமனார் ஒரே பக்கத்தைப் படித்தார். நடுவில் மனைவி வந்து, “சளிக்கு இது நல்லது” என்று ஒரு காய்ந்த துண்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, நனைந்ததை வாங்கிப் போனாள். சமையல்கட்டில் அதைப் பிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. மழை விட்டதும் மாமியார் சுவரைப் பார்த்து, “பரவால்ல, கூரை நல்லாத்தான் கீது” என்றார். கதவோரம் இருந்த பையைப் பிரித்துக் குழந்தையின் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினார்.

மறுநாள் காலை அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நின்ற நேரம் பார்த்து, கெடார் சைக்கிள் வந்து நின்றது. கேரியரில் சாக்குச் சுற்றி மூன்று ஓடு. ஓட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான், “ஸ்பேரு! ஸ்பேரு ஓடு சொல்லி வச்சிருந்தேன்!” என்று கத்தினேன்.

மாமனார் பையைக் கீழே வைத்தார். கேரியரிலிருந்து ஒரு ஓட்டை எடுத்தார். தட்டவில்லை. திருப்பிப் பார்த்தார். மீன். இரண்டாவதைத் திருப்பினார். மீன். மூன்றாவதையும் திருப்பி, விரலால் மீனைத் தடவிப் பார்த்துவிட்டு, நிம்மதியாகச் சாக்கின் மேல் வைத்தார். ஓட்டுக்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். “வெவரமான ஆளுங்க பெரியவரு” என்றார்.

மாமியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பேசுவதற்குச் சுவர் எதுவும் இல்லை. தெருதான் இருந்தது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“மாப்ள, அந்த ஜன்னலுக்கு மேல இன்னிக்கே மாத்திடுங்க. அடுத்த மழைக்கி அவரு இங்க இருக்க மாட்டாரு.”